அப்பாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

ஜூன் 4

அக்காவுக்கு,

உன் தங்கை முணுமுணு எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கிவிட்டு அடித்துவிட்டேன். முதல் வரியே பொய்யாக இருந்தால் மற்றதையும் நீ நம்பமாட்டாய். நீ எனக்கு அனுப்பிய கம்பளிச் சட்டையின் பொட்டலத்தை நான் எறியவில்லை. அதில் இருந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன்.

அப்பா விழுந்துவிட்டார். போன வாரம் ஒரு வீட்டில் குளியலறைக் குழாய் மாற்றப் போயிருந்தார். கையிலிருந்த ஸ்பேனர் நழுவியதாம். எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறதே என்று வீட்டுக்காரர்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்னார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வீட்டுக் குழாயில் அடைப்பு எடுத்தவருக்கு இப்படியா என்று எனக்குத் தோன்றியது. வாய் திறந்து சொல்லவில்லை. நான் எப்போது சொல்லியிருக்கிறேன்?

வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வெளியே வந்து, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

இனி எழுதப்போவதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியவில்லை. அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. 'ஆமென்.'

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா. என்னைக் கூப்பிடப் பார்க்கிறார், 'ஆமென்' என்று வருகிறது. தண்ணீர் கேட்டாலும் அதுதான். டாக்டர் காலைத் தட்டி, "இங்க வலிக்குதா?" என்றார். "ஆமென்." "வலிக்கலையா?" "ஆமென்." நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று போதகர், 'எங்கள் சகோதரியை எடுத்துக்கொண்டதற்காக நன்றி ஆண்டவரே' என்று ஜெபித்து முடித்தார். எல்லாரும் 'ஆமென்' என்றோம். நீ மட்டும் 'இல்லை' என்றாய். மண்வெட்டி வைத்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் அப்பா உன்னிடம் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

அக்கா, நீ வருவாயா?

முணுமுணு


ஜூன் 12

முணுமுணுவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. தலைமைச் சமையல்காரர், "என்னம்மா, காதல் கடிதமா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

முதலில் வேலையைச் சொல்கிறேன். இந்த நோய்க்காரர்களுக்கு நான் தினமும் தட்டு எடுத்துப் போகிறேன், எனக்குத் தெரியும். படுத்திருக்கும்போது ஒரு வாய்கூடக் கொடுக்காதே. முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வை. தண்ணீராக ஓடுகிற எதையும் கொடுத்தால் புரை ஏறும். கொழகொழவென்று இருக்கட்டும். சின்ன ஸ்பூன். விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்தபின் அடுத்த வாய். இழுத்த பக்கத்துக் கன்னத்தில் தங்கியிருக்கும், விரலைவிட்டு எடு. வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடு. வற்புறுத்தாதே. பேச முடியாதவர்களுக்கு அதுதான் பேச்சு. இங்கே சில பேர் மூக்கைப் பிடித்து ஊட்டுவார்கள். அவர்கள் கையை முறுக்கலாம்போல் இருக்கும் எனக்கு.

வருவாயா என்று கேட்டிருக்கிறாய். "ஆமென் சொல்ல வாய் வராதவளுக்கு இந்த வீட்ல இடமில்ல. நான் உசுரோட இருக்கிறவரைக்கும் இந்த வாசல்ல கால் வைக்காதே." நீ எழுதாவிட்டால் நான் மறந்துவிடுவேனா? நீ கதவுக்குப் பின்னால் அம்மாவின் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். பார்த்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சொன்னதை அவர்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது அவரால் முடியாது. அப்புறம் நான் எப்படி வருவது?

உனக்குச் சிரிப்பு வரவில்லையா? எந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று என்னைத் துரத்தினாரோ, அதை மட்டும் அவர் வாயில் விட்டுவைத்திருக்கிறார் உன் ஆண்டவர். நல்ல குசும்புக்காரர்தான்.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே ஊட்டுகிறேன். இருமல் குறைந்திருக்கிறது. "போதுமாப்பா?" என்றாலும் ஆமென், "இன்னும் வேணுமாப்பா?" என்றாலும் ஆமென். ஆனால் வேண்டாதபோது ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார், தைத்ததுபோல. உடனே விட்டுவிடுகிறேன். அப்போது என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு நன்றி இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் ஒரு புது பாஷை படிக்கிறேன், அதற்கு நீதான் வாத்தியார்.

சலவைக்கடையில் காலை வேலை மட்டும் செய்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா அப்பாவை எட்டிப் பார்த்துக்கொள்கிறார். கடையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. அவற்றை மடிக்கும்போது யார் யாரோ படுத்திருந்தது நினைவுக்கு வரும். மடிக்கிற ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லி வைப்பேன். முதலாளியம்மா, "உதடு என்னமோ அசையுது, சத்தம்தான் வரமாட்டேங்குது, ரேடியோ ரிப்பேரா?" என்பார்.

போதகர் வந்திருந்தார். "ஆண்டவர் உங்களோட இருக்காரா?" என்றார். "ஆமென்!" "இந்தச் சோதனையிலயும் அவரை நம்புறீங்களா?" "ஆமென்!" போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம்போல் இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வரும் பூனைக்கும் அப்பா ஆமென் சொல்கிறார் என்று நான் எப்படிச் சொல்வேன்?

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. அப்பாவோடு வேலைக்குப் போவாரே, குள்ளமான பிளம்பர், அவர் பார்க்க வந்தாராம். நான் கடையில் இருந்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த அப்பாவின் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது சும்மாதானே கிடக்கு, நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். அவர் அப்பாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, ஸ்பேனர், ரெஞ்ச், நூல்கண்டு எல்லாவற்றோடும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் வந்தபோது அப்பா கட்டில் விளிம்பிலிருந்து இடது கையைத் தொங்கவிட்டு அந்த வெற்று இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

போய்க் கேட்க வேண்டும். இரண்டு முறை அவர் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்கால ஜெப நேரம் வந்தால் அப்பா வராத கையின்மேல் வருகிற கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். முன்பு அவர் ஜெபிப்பார், அம்மா பாடுவார், நீ வேதம் வாசிப்பாய். கடைசியில் எல்லாரோடும் ஆமென் சொல்வது மட்டும்தான் என் வேலை. இப்போது என்னைத் தவிர ஆள் இல்லை. எனக்குச் சத்தம் வரவில்லை அக்கா. மனதுக்குள் ஓடுகிறது, தொண்டையில் நின்றுவிடுகிறது. அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டுக் கடைசியில் தானாகவே 'ஆமென்' என்கிறார். ஜெபமே இல்லாத ஆமென். அதைக் கேட்க முடியவில்லை.

முணுமுணு


ஜூலை 2

முணுமுணுவுக்கு,

பெட்டி போன கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அந்த ரெஞ்சை நான் சின்ன வயதில் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போயிருக்கிறேன். போய்க் கேள். சத்தம் வராவிட்டால் வாசலில் நின்றுகொண்டிரு. அவரே கேட்பார்.

இங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் விசாரித்தேன். சிலருக்கு எல்லாம் போய், வாய்க்கு ரொம்பப் பழகிய ஒரு சொல் மட்டும் நிற்குமாம். ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை, ஒருத்தருக்குப் பெண்டாட்டி பெயர். "அவங்க நினைச்சு சொல்றதில்லம்மா, அது தானா வருது. ஆனா நீங்க பேசுறது அவங்களுக்குப் புரியும்" என்றார். ஆக, போதகரின் பிரசங்கம் வீண். அது விசுவாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயின் பழக்கம்.

இப்படி எழுதிவிட்டு உன்னிடம் இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். ஒரு முறை அவரிடம் கேள். பெரிய மகளை மன்னித்துவிட்டீர்களா என்று. அவர் முகத்தைப் பார்த்து எழுது.

அக்கா


ஜூலை 13

அக்காவுக்கு,

கேட்டேன். "அப்பா, அக்காவ மன்னிச்சிட்டீங்களா?" என்றேன்.

"ஆமென்" என்றார்.

முகத்தைப் பார்த்து எழுதச் சொன்னாய். பார்த்தேன். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் இப்போது எப்போதுமே தண்ணீர் இருக்கிறது. கூட்டிச் சொல்லி உன்னை வரவைக்க ஆசைதான். உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை.

பெட்டி வந்துவிட்டது. நீ சொன்னபடி பிளம்பர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மனைவி பார்த்து உள்ளே கூப்பிட்டார். "உங்கப்பாவே ஆமென் போட்டுக் குடுத்தாரும்மா!" என்றார் பிளம்பர். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "அப்பா பூனைக்கும் ஆமென் சொல்றார் அண்ணே" என்றேன். அவர் வாயைப் பிளந்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, துணியெடுத்து ஒவ்வொரு ஸ்பேனரையும் துடைத்து வைத்து, பெட்டியை அவரே சுமந்து வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். இப்போது அப்பா இடது கையால் அந்தச் சின்ன ஸ்பேனரைப் பிடித்துத் திருகிப் பழகுகிறார்.

அன்று சாயங்காலம் நான் சத்தமாக ஜெபித்தேன் அக்கா. பூனையைப் பற்றிப் பேச வந்த வாய்க்கு இது வராதா என்று தோன்றியது. 'ஆண்டவரே' என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அப்பா காத்திருந்தார். பிறகு என்னென்னவோ சொன்னேன். "அப்பா இன்னிக்கு முழுத்தட்டும் சாப்பிட்டார். கால் கட்டைவிரல் கொஞ்சம் அசைஞ்சது. பெட்டி வந்துடுச்சு. அம்மா உங்ககிட்டதான் இருக்காங்க, அவங்ககிட்டயும் சொல்லிடுங்க." அவ்வளவுதான். போதகர் கேட்டால் சிரிப்பார். அப்பா "ஆமென்" என்றார். அதுவும் தானாக வந்ததாகவே இருக்கட்டும். வாயின் பழக்கமாகவே இருக்கட்டும். ஆனால் இந்த முறை அதற்கு முன்னால் ஒரு ஜெபம் இருந்தது.

உனக்கு ஒன்று சொல்லலாமா? கோபித்துக்கொள்ளாதே. கல்லறையில் நீ 'இல்லை' என்றாயே, அதை யாரிடம் சொன்னாய்? போதகரைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தும் இல்லை. நான் உன் பக்கத்தில் நின்றேன். நீ மேலே பார்த்துத்தான் சொன்னாய். இருக்கிறார் என்று நம்பாத ஒருத்தரிடம் யாராவது அப்படிக் கத்துவார்களா? எனக்கு அது ஜெபம் மாதிரித்தான் கேட்டது. நான் அன்று ஆமென் சொன்னபோது ஒன்றுமே நினைக்கவில்லை. நீதான் நினைத்துச் சொன்னாய்.

முணுமுணு


ஜூலை 21

முணுமுணுவுக்கு,

அவர் குள்ள பிளம்பருக்கும் ஆமென் சொன்னார், எனக்கும் ஆமென் சொல்லியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் பெட்டி கட்டுவதா?

நீ என்னைப் பற்றி நல்லதாக நினைக்கிறாய். அன்று நடந்தது உனக்குத் தெரியாது, அதனால்தான். இனி மறைக்க மனமில்லை.

அம்மா போவதற்குச் சில நாள் முன்னால் அத்தை வந்திருந்தாள் அல்லவா? உன்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "முழு விசுவாசம் இருந்தா இந்நேரம் எழுந்து நடமாடியிருப்பீங்க அண்ணி. மனசுல எங்கயோ குறை இருக்கு" என்றாள். அத்தை போனபின், நான் உடம்பு துடைத்துவிடும்போது அம்மா கேட்டாள். "ஏண்டி, எனக்கு விசுவாசம் பத்தலையோ?" வலி தாங்கமுடியாத நேரத்திலும் முனகாமல் பாட்டை முணுமுணுத்தவள் கேட்கிறாள். சாகிறது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே செத்தாள் முணுமுணு.

அத்தை அதைச் சொன்னபோது அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். 'அப்படிப் பேசாதே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவருக்கு எல்லா வார்த்தையும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, அத்தை ஜெபித்து முடித்ததும் 'ஆமென்' என்றார்.

அந்த ஆமெனைத்தான் எனக்குச் சொல்ல வரவில்லை. இன்றும் வரவில்லை. இங்கே குழந்தைகள் வார்டில் ஒரு தாய், மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டிருந்தாள். தட்டோடு போன என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. சூடாக வைத்திருந்த தட்டு ஆறிப்போகும்வரை நின்றேன். இதற்கு என்ன பெயர் என்று நீதான் சொல்லவேண்டும், நீதான் இப்போது ஜெபக்காரி.

நான் வருவேன் என்று காத்திருக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

நேற்று அத்தை வந்தாள். போதகரும் கூட வந்தார். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டவில்லை.

அப்பாவை உட்கார வைத்து ஊட்டி முடித்திருந்தேன். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆண்டவர் எழுப்புவார் என்றாள், அப்பா ஆமென் என்றார். சபையே ஜெபிக்கிறது என்றாள், ஆமென் என்றார். அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிறகு உன் பேச்சை எடுத்தாள்.

"அன்னிக்குக் கல்லறையில ஒருத்தி வாயத் திறந்தாளே, அந்த வார்த்தைதான் இந்தக் குடும்பத்தை இப்படிக் கிடத்தியிருக்கு. நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான் அண்ணா. அவ இனிமே இந்த வாசல்ல கால் வைக்கக்கூடாது. என்ன?"

சொல்லிவிட்டு, வரவேண்டியது வரும் என்று காத்திருந்தாள். போதகர் முன்னால் அப்பா ஆமென் என்றுவிட்டால், அத்தை அதை ஊரெல்லாம் சொல்வாள். உனக்கும் எழுதுவாள்.

அப்பா ஆமென் சொல்லவில்லை.

உதட்டை மூடிக்கொண்டார். சாதாரணமாக இல்லை அக்கா, வேண்டாத ஸ்பூனைக் கொண்டுபோனால் மூடுவாரே, அப்படி. இழுத்த பக்கம் மூடாமல் கொஞ்சம் திறந்துகொண்டே இருக்கும் அல்லவா, இடது கையைத் தூக்கி அந்தப் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சொல் தானாக வெளியே வந்துவிடுமோ என்று பயந்தவர்போல. உள்ளே முட்டுகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, முகம் சிவந்துவிட்டது. பிடித்த பிடியை விடவில்லை.

"என்னண்ணா? ஆமென் சொல்லுங்க" என்றாள் அத்தை.

"வற்புறுத்தாதீங்க அத்தை. அப்பா வேண்டாம்னு சொல்றார்."

இதைச் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். அறை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

"அவர் ஒண்ணும் சொல்லலையேடி."

"அதுதான் அத்தை அவர் சொல்றது. அம்மாவுக்கும் சேர்த்து இப்பதான் சொல்றார்."

அத்தையின் முகம் மாறிவிட்டது. எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. போதகர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீயே ஜெபம் பண்ணும்மா" என்றார்.

அப்பா இன்னும் வாயைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டேன். "ஆண்டவரே, எங்க அம்மாவுக்கு விசுவாசம் குறையல. உங்களுக்கே தெரியும். அக்கா உங்ககிட்டதான் கோவிச்சுக்கிட்டா, வேற யார்கிட்ட கோவிச்சுக்குவா. எங்களுக்கு இன்னும் எத்தனை கஷ்டம் இருக்கோ தெரியாது. நீங்க இருக்கீங்கன்னு மட்டும் தெரியும். அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

அப்போதுதான் அப்பா கையை எடுத்தார். எடுத்த கையை என் தலையில் வைத்து, "ஆமென்" என்றார்.

இது வாயின் பழக்கமா என்று உன் ஆஸ்பத்திரி அம்மாவிடம் கேள். எனக்குத் தெரியவில்லை. வாயை மூடினால் விட்டுவிடு, அதுதான் அவர்கள் பேச்சு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. நீ சொன்னதைத்தான் உனக்குத் திருப்பி எழுதியிருக்கிறேன்.

முணுமுணு


ஆகஸ்ட் 9

முணுமுணுவுக்கு,

உன் கடிதத்தை இந்த முறை அடுப்புப் பக்கம் கொண்டுபோகவில்லை. துணி காயப்போடும் மாடியில் உட்கார்ந்து படித்தேன். கீழே இறங்கிவந்து லீவு கேட்டேன். தலைமைச் சமையல்காரர், "எத்தனை நாள்?" என்றார். தெரியாது என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டு, போய் வா என்றார்.

பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எதுவும் இல்லை. அன்று நான் கல்லறையில் கத்திய அதே சொல்லைத்தான் அப்பா வாயைத் திறக்காமல் சொல்லியிருக்கிறார்.

வந்து நான் ஜெபிப்பேன் என்று எதிர்பார்க்காதே. குழந்தைகள் வார்டில் நின்றதுபோல் நிற்பேன், கையை உருவிக்கொள்ளாமல். நீ சொல், அவர் முடிக்கட்டும். அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்து பால் கேட்கிறான். இன்று வேலை முடிந்ததும் அவன் தாயிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் கையைப் பிடித்தபோது எனக்கு அந்தச் சொல் வாய்வரை வந்தது. மீதியை வீட்டில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அவருக்குத் தலையணை இரண்டு வைக்கிறாயா? ஒன்று போதாது. என் பழைய இடத்தை ஒழித்து வை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். நேராக உள்ளே வரமாட்டேன். வாசலுக்கு வெளியே நின்று, "அப்பா, உள்ளே வரலாமா?" என்று கேட்பேன். நீ இடையில் புகுந்து பதில் சொல்லாதே. அவரே சொல்லட்டும்.

என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா